வாய்ச் சொல்லும் ஐந்தாம் கற்பனையும்



கொலை செய்யலாகாது என்பது ஐந்தாம் கற்பனை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்களில் அநேகர் இந்தக் கற்பனைக்கு வந்ததும், "நான் யாரையும் கொல்லவில்லை" என்று அடுத்த கற்பனைக்குத் தாண்டி விடுகிறார்கள். ஆனால் நம் ஆண்டவர் மலைப் பிரசங்கத்தில் இதை விளக்கியபோது அரிவாளைப் பற்றியோ விஷத்தைப் பற்றியோ பேசவில்லை. தன் சகோதரனை இழிசொல்லால் அழைக்கிறவனைப் பற்றிப் பேசினார். அவனும் தீர்வைக்கு உள்ளாவான் என்று எச்சரித்தார். மனிதனுக்கு உடம்பு மட்டுமல்ல, மானமும் உண்டு. மானத்தைக் கொல்ல ஆயுதம் வேண்டாம்; வாய் போதும்.

கெட்ட வார்த்தை பேசலாகாதென்று உங்களுக்குப் பலமுறை சொல்லியாயிற்று. இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது கெட்ட வார்த்தையைப் பற்றியல்ல. காலை முதல் இராத்திரி வரை யோசியாமல் வழங்குகிற சாதாரண வார்த்தைகளைப் பற்றி.

நம் தமிழில் "வா" என்றும் சொல்லலாம், "வாங்க" என்றும் சொல்லலாம். எதிரே நிற்கிறவரை எந்தப் படியில் நிறுத்தியிருக்கிறோம் என்பதை வாய் திறந்த மாத்திரத்தில் காட்டிவிடுகிறோம். தாய் மகனை "வாடா" என்றால் அது கொஞ்சல். சிநேகிதன் சிநேகிதனை "டேய்" என்றால் அது உரிமை. அதே வார்த்தையை உப்பளத்தில் இருபது வயது மேற்பார்வைக்காரன் அறுபது வயதுப் பெரியவரைப் பார்த்துச் சொன்னால்? அவரோ, "இதோ வந்துட்டேனுங்க, தம்பி" என்கிறார். வார்த்தை ஒன்றுதான். வித்தியாசம் எங்கே? அந்தப் பெரியவர் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது. அங்கேதான் வித்தியாசம்.

ஆகையால் ஒரு வார்த்தை அன்பா, அவமானமா என்று சந்தேகம் வந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்: நான் சொன்னதை அவர் எனக்குத் திருப்பிச் சொன்னால் நான் பொறுத்துக்கொள்வேனா? பொறுக்க மாட்டேன் என்றால் அது உரிமையுமல்ல, வழக்கமுமல்ல. அது மிதி.

வீட்டுக்குள்ளும் இப்படிப்பட்ட வார்த்தைகள் உண்டு. "உங்கள் சம்சாரம் என்ன செய்கிறாள்?" என்று கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்கிறார் புருஷன். விடியுமுன் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் பிறகு படுக்கிறவள் "சும்மா" இருக்கிறாளாம்! கலியாண வீட்டில் பிள்ளையில்லாதவளைப் பார்த்து, நாலு பேர் நடுவே, "என்ன, இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையா?" என்கிறார்கள். விசேஷம் நல்ல வார்த்தைதான். ஆனால் அவள் இலையில் உட்கார்ந்தும் சோறு இறங்காமல் எழுந்து போகிறாள். கால் ஊனமானவருக்கு ஞானஸ்நானத்தில் ஒரு அர்ச்சியசிஷ்டவரின் நாமம் சூட்டப்பட்டிருக்க, ஊர் அவரை ஊனத்தைச் சொல்லியே கூப்பிடுகிறது.

ஆண்டவர் எப்படிக் கூப்பிட்டார்? பதினெட்டு வருஷமாய்க் கூனிப்போய் நிமிர முடியாதிருந்த ஒரு ஸ்திரீயைப் பற்றி அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். ஊருக்கு அவள் கூனியாய் இருந்திருப்பாள். சேசுநாதரோ ஜெபாலயத்தில் எல்லாரும் கேட்க அவளை அபிரகாமின் மகள் என்றார். அவள் முதுகை நிமிர்த்தினவர் அவள் பெயரையும் நிமிர்த்தினார். ஊர் முழுவதும் பாவி என்று ஒதுக்கிய சக்கேயுவையும் அப்படியே பெயர் சொல்லி அழைத்து, அவனும் அபிரகாமின் மகனே என்றார்.

இனி நம் ஊர்க் காரியத்துக்கு வருவோம். வானூர்க் கடைத்தெருவிலோ பஸ்ஸிலோ புதிதாய் ஒருவரைச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடி நாம் கேட்பது, "எந்தத் தெரு?" முகவரிக்காகவா கேட்கிறோம்? அவரை எப்படிக் கூப்பிடுவது, உட்காரச் சொல்வதா நிற்க வைப்பதா என்று தீர்மானிக்கத்தானே! ஏழைக்கு ஓரிடம், பணக்காரனுக்கு ஓரிடம் என்று சபையில் பிரித்தவர்களை அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தில் கடிந்துகொண்டது நமக்கும் பொருந்தும்.

"சேரி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். உத்திரமேரூரிலுள்ள பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் பிராமணர் குடியிருந்த அந்த ஊருக்கே பன்னிரண்டு சேரிகள் சொல்லப்படுகின்றன. நமக்குப் பக்கத்திலுள்ள பட்டணம் புதுச்சேரி. அந்தப் பெயரைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. அப்படிப்பட்ட சொல்லை ஏளனமாய்ச் சொல்லிச் சொல்லியே நாம் கெடுத்தோம். பிறகு சர்க்கார் வீடு கட்டிக் கொடுத்து, "காலனி" என்று புதுப் பெயர் வைத்தது. பட்டணத்தில் பாங்க் காலனி, ரயில்வே காலனி என்று பெருமையாய் எழுதி வைக்கிறார்கள். கிராமத்திலோ "காலனிக்காரன்" என்று உதட்டைச் சுழித்துச் சொல்லி அதையும் கெடுத்தோம். கடைசியாக 2025 ஏப்ரல் 29-ந் தேதி, முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டசபையில், அந்தச் சொல் ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாய், வசைச் சொல்லாய் மாறிப்போனபடியால் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இது புதிதல்ல. 1922-ம் வருஷத்திலேயே எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்து, பஞ்சமர் முதலான பெயர்களை விலக்கி ஆதி திராவிடர் என்ற பெயரை அரசாங்கக் காகிதங்களில் ஏறச் செய்தார். நூறு வருஷம் சென்றும் பெயர் மாற்றும் வேலை தீரவில்லை. ஏன்? வார்த்தையை மாற்றுகிறோம், அதைச் சொல்லுகிற இருதயத்தை மாற்றுவதில்லை.

"அப்படியானால் பெயரை மாற்றி என்ன பிரயோசனம்?" என்று சிலர் கேட்கலாம். பிரயோசனம் உண்டு. செருப்புக் கடிக்கிற இடம் போட்டிருக்கிறவனுக்குத்தான் தெரியும். "இந்த வார்த்தை எங்களை நோகச் செய்கிறது" என்று ஒருவர் சொன்னால், அதை விட்டுவிடுவது கிறிஸ்தவனுடைய கடமை. சாதிப் பெயரைச் சொல்லிப் பிறர் அறிய இழிவுபடுத்துவது 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். ஆனால் போலீசுக்குப் பயந்து வாயை மூடுகிறவன் தெருவில் மட்டும் மூடுவான், வீட்டில் திறப்பான். வீட்டில் அதைக் கேட்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புதுவையில் 1745-ம் வருஷம், கோவிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவர் எளியவர்களுடைய முறையீட்டால் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார். கல் சுவரை ஒரே நாளில் இடிக்கலாம். சொல்லால் எழுப்பிய சுவரை ஒவ்வொரு வாயும் தினந்தோறும் இடித்தாக வேண்டும். பூசையில் கைகூப்பிச் சமாதானம் சொல்லிவிட்டு, வாசற்படி தாண்டியதும் அதே ஆளை "ஏய்" என்று கூப்பிட்டால் அந்தச் சமாதானம் யாருக்கு?

அர்ச். சின்னப்பர் கொலோசியருக்கு எழுதும்போது, நம் பேச்சு இனிமையாயும் உப்பிட்டதாயும் இருக்க வேண்டும் என்று புத்தி சொல்லுகிறார். மரக்காணத்து உப்பை அறிந்த உங்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? பாத்தியில் உப்புப் படிந்தபின் மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் மேலும் காயவிட்டால் அந்தக் கசப்பும் உப்போடு படிந்துவிடும். பார்வைக்கு வெள்ளையாயிருக்கும், வாயில் வைத்தால் கசக்கும், மூட்டையில் நீர்த்துப்போகும். நம் மரியாதையும் அப்படியே. உள்ளத்து ஏளனத்தை வடிக்காமல் நாவினால் மட்டும் "வாங்க" என்றால் கேட்கிறவர் உடனே கசப்பை அறிந்துகொள்வார்.

ஆகையால் இந்த வாரத்துக்கு மூன்று தீர்மானங்கள் செய்வோம். முதலாவது, நம்மிலும் மூத்தவர் என்ன தொழில் செய்தாலும், எந்தத் தெருவானாலும், "வாங்க" என்றே அழைப்போம். தெருக் கூட்டுகிறவருக்கும் கல்லறை வெட்டுகிறவருக்கும் பெயர் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். இரண்டாவது, தெருவைக் கேட்டு ஆளை எடைபோட மாட்டோம். மூன்றாவது, ஒருவர் நம் வார்த்தையால் முகம் வாடினால், "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று தப்பித்துக்கொள்ளாமல் அந்த வார்த்தையை அன்றோடு விடுவோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஞானோபதேசத்தை வகுப்பில் படிக்கிறான். மனிதரை எப்படிக் கூப்பிடுவது என்பதை உங்கள் வாயிலிருந்தே படிக்கிறான். சர்வேசுரனை எங்கள் பிதா என்று தினமும் வேண்டுகிற நாம், அவருடைய மற்றப் பிள்ளைகளை என்னவென்று கூப்பிடுகிறோம் என்பதை அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வார்த்தையானவர் மாம்சமாகி நம்மிடையே வாசம்பண்ணினாரே, அவர் நம் வார்த்தைகளைச் சுத்திகரிப்பாராக. ஆமென்.