மனைவியின் நாடு

புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து அகதியாய்த் தமிழகம் போனவர், அங்கே மணமுடித்து மனைவியோடு ஊர் திரும்பினால், அவள் எந்த நாட்டுப் பிரசை? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஓராண்டு இங்கு வாழ்ந்த வாழ்க்கைத்துணை விண்ணப்பிக்க இடமளிக்கிறது. கிடைத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

நிக்காஹ் பெண்ணின் தந்தை பெயரைக்கூட மாற்றுவதில்லை. கணவனுக்காக நாட்டையே துறக்கச் சொல்வது நீதியா?

காகிதத்தில் என்ன இருக்கிறது என்பார்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்கள் பிரசைகள்தாம், காகிதம் காக்கவில்லை. ஆனால் அது இல்லாதவளுக்கு வாக்கில்லை. தங்குவதற்கும் விசா வேண்டும். ஆகவே அது தேவைதான்.

அதே சட்டம் கணவனை இழந்தவளையும் விண்ணப்பிக்க விடுகிறது. அதில்தான் நான் நியாயத்தைக் காண்கிறேன்: பிரசாவுரிமை கணவன் கொடுக்கும் மஹர் அல்ல, அவள் இங்கு வாழ்ந்த வாழ்வுக்குரியது.