விட்டுட்டுப் போனவங்க சொல்ற தீர்ப்பு

அரசுப் பள்ளிக்கூடம் கெட்டுப்போச்சு என்று சொல்லாத ஆளில்லை. டீக்கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள், கருத்தரங்கில் கொஞ்சம் கடினமான தமிழில் சொல்கிறார்கள். யார் காரணம் என்று கேட்டால்தான் பேச்சு பிரிகிறது. வாத்தியார்தான் காரணம், சம்பளம் வாங்குறாங்க, பாடம் நடத்துறதில்லை என்கிறது ஒரு தரப்பு. காலிப் பணியிடத்தை நிரப்பாமல், ரெண்டு பேரை வைத்து அஞ்சு வகுப்பை ஓட்டச் சொல்லுகிற அரசாங்கம்தான் காரணம் என்கிறது ஆசிரியர் சங்கம். பெற்றோருக்கு அக்கறையில்லை என்று ரெண்டு தரப்பும் சேர்ந்தே சொல்கின்றன. இன்னொரு பதிலும் இருக்கிறது. அதை மேடையில் சொல்ல மாட்டார்கள். டீ குடிக்கும்போது குரலை இறக்கிச் சொல்வார்கள்: "அதுகளுக்கு எங்க சார் படிப்பு ஏறப்போவுது?"

இந்த நாலு பதிலையும் பல வருசமாகக் கேட்டாயிற்று. எது சரி என்று பார்ப்பதற்கு முன்னால் எனக்கொரு கேள்வி உண்டு. இந்த விசாரணையை நடத்துகிறவர் யார்? அவர் பிள்ளை எங்கே படிக்கிறது? பஞ்சாயத்தில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தே தீர்ப்பு எப்படி வரும் என்று நம் சனம் சொல்லிவிடும். இந்தப் பஞ்சாயத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லணும். பொதுப்பணத்தில் நடந்த பள்ளிக்கூடம் நமக்குப் பொதுவாக இருந்ததில்லை. 1882இல் பம்பாய் மாகாணத்தில் ஹண்டர் கமிஷன் முன்னால் சாட்சியம் தந்த ஜோதிராவ் புலே, உழுகிறவன் கட்டும் வரி மேல்சாதிக்காரன் உயர்படிப்புக்குப் போகிறது, ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்டார். இங்கே சென்னை மாகாண அரசு 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை போட்டது. 1894இல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1920க்குப் பிறகு லேபர் டிபார்ட்மெண்ட் சேரிகளில் பள்ளி திறந்தது. ஏன் இத்தனை தனிப் பள்ளி? ஊர்ப் பள்ளிக்கூடம் நம் பிள்ளையைச் சேர்க்கவில்லை, அதனால்தான். சேர்த்த இடங்களில் சாதி இந்துக்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அந்த லேபர் ஸ்கூல்தான் பிறகு அரிஜன நலப் பள்ளியாகி, இன்றைக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளியாக நிற்கிறது. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேலே. பெயர் மாறிக்கொண்டே வந்தது. இடம் மட்டும் மாறவில்லை, காலனி ஓரம்தான்.

'நிறுத்திக்கொண்டார்கள்' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை அதில்தான் இருக்கிறது.

அரசியல் சட்டம் வந்தது. 1953இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை 1954இல் காமராசர் ஒழித்தார். 1956இல் மதிய உணவு வந்தது. ஊருக்கு ஊர் பள்ளி வந்தது. சில பத்தாண்டுகள் ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே யூனியன் ஸ்கூலில், பெஞ்சு தனித்தனியாக இருந்தாலும், ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். பிறகு மெட்ரிக் பள்ளிகள் பெருகின. வேன் ஊருக்குள் வந்தது. ஊர்த்தெரு முக்கில் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. மறுபடியும் நிறுத்திக்கொண்டார்கள், இந்தத் தடவை யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. 'தரம்' என்றார்கள்.

பொதுக்கிணற்றில் நமக்கும் உரிமை உண்டென்று போராடி வாங்கிய ஊர்களில் என்ன நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாம் வாளியைப் போட்ட மறுநாளிலிருந்து ஊர்க்காரன் அங்கே வருவதில்லை. தன் வீட்டில் தனியாகத் தோண்டிக்கொள்வான். தூர்வாரப் பணம் ஒதுக்கும் கை அவனுடையது. அவன் குடிக்காத கிணற்றை எதுக்குத் தூர்வாரணும்? பாசி பிடித்துப்போன பிறகு அவனே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கிணறு, இப்படிப் பாழாப்போச்சே, யாரு காரணம்?" என்று கேட்பான். அரசுப் பள்ளி பற்றி நடக்கும் விவாதத்தில் எனக்குக் காதில் விழுவது இந்தக் குரல்தான்.

எல்லாரும் சாதிக்காக மட்டுமே போனார்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கிலீஷ் வேணும் என்று போனவர்கள் உண்டு. வாத்தியாரே இல்லாத பள்ளியில் பிள்ளையை எத்தனை நாள் வைத்திருப்பது என்று போனவர்கள் உண்டு. நம் ஆட்களில் ஒரு உத்தியோகம் கிடைத்தவர்களும் பிள்ளையை மெட்ரிக்கில் போட்டிருக்கிறார்கள். "சமுதாயத்தைப் பத்திப் பேசிட்டு உன் பிள்ளைய எங்க சேர்த்தே?" என்று அவர்களைக் கேட்பவர்கள் இயக்கத்துக்குள்ளும் இருக்கிறார்கள். இது நியாயமான கேள்விதானா? தன் பிள்ளைக்கு நேர்ந்த அவமானத்திலிருந்து தப்பிக்க ஒருவன் போகிறான். இன்னொருவன் பிள்ளையோடு தன் பிள்ளை உட்காரக் கூடாதென்று மற்றொருவன் போகிறான். ரெண்டு பேரும் போனதால் காலியான பெஞ்சு ஒன்றுதான். ஆனால் காரியம் ஒன்றல்ல. முன்னவனிடம், போன இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கிறாயா என்று கேட்கலாம். பின்னவனிடம் கேட்க வேண்டியது, ஏன் போனாய் என்பதையே.

வாத்தியார் விசயத்துக்கு வருகிறேன். ஆசிரியரைக் குறை சொன்னால் தனியார்மயத்துக்குத் துணைபோகிறீர்கள் என்று இடதுசாரித் தோழர்கள் சொல்வார்கள். அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. 2019 சனவரி வேலைநிறுத்தத்தின்போது ஆசிரியர்கள் சம்பளத்தை வைத்து எவ்வளவு வன்மம் கொட்டப்பட்டது என்று பார்த்தோம். கொட்டியவர்களில் பலருக்கு அரசுப் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறதென்றே தெரியாது. ஆனால் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1995இல் சேலம் மாவட்டத்தில் ஒரு சின்னப் பெண் பிள்ளை, சாதி இந்துப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடித்தாள் என்று ஆசிரியர் அடித்த அடியில் ஒரு கண் பார்வை போயிற்று. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில், தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவவிட்டதாக ஒரு தலைமை ஆசிரியை கைதானார். இதுக்கும் காலிப் பணியிடத்துக்கும் என்ன சம்பந்தம்? நிதி ஒதுக்கீடு கூடினால் இது குறையுமா? பட்ஜெட்டால் விளக்க முடியாத பங்கு ஒன்று இதில் இருக்கிறது. அந்தப் பங்கைச் சங்கம் ஏற்க வேண்டும். ஏற்றால்தான், மற்றப் பங்குக்காக அது போராடும்போது சேரிக்காரன் அதன் பக்கத்தில் நிற்பான்.

நான் படித்தது காலனி ஸ்கூலில். தினமும் சைக்கிள் மிதித்து வந்த ஒரு வாத்தியார், சாயங்காலம் இருட்டும் வரைக்கும் இருந்து எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தார். அதே பள்ளியில் இன்னொருத்தர், "நீங்கல்லாம் படிச்சிட்டா எங்க வயலுக்கு யாருடா வருவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே ஒழுகுகிற கூரை. அதனால்தான் 'அமைப்புதான் காரணம்' என்று மட்டும் சொல்லி முடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அமைப்பு நெருக்கும். நெருக்கடிக்குள்ளேயும் ஒரு மனுசனுக்குத் தேர்ந்துகொள்ள கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடத்தில் அவன் என்ன செய்தான் என்பதற்கு அவன்தான் பதில் சொல்லணும்.

அந்தத் தேர்வு இடமே இல்லாதவர்கள் மேல் பழியை ஏற்றுவது பெரிய அநியாயம். பெற்றோருக்கு அக்கறையில்லை என்கிறார்கள். எங்கம்மா கைநாட்டு. கூலிக்குப் போகிறவள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தால், வாசப்படிக்கு வெளியிலேயே நின்றுகொள்வாள். உள்ளே வாங்க, உட்காருங்க என்று யாரும் சொன்னதில்லை. நின்றபடியே, "எம் புள்ள எப்படிங்க படிக்குது?" என்று கேட்பாள். பதில் சொல்கிறவர் நோட்டிலிருந்து நிமிரமாட்டார். அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பெயர்தான் அக்கறையின்மையாம். வரச்சொல்லி ஒரு நாற்காலி போட்டிருந்தால் அல்லவா வந்தாளா, வரலையா என்று கணக்குப் பார்க்க முடியும்?

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் சிம்பிளானது. யாருக்கு வேறு மாதிரிச் செய்ய எவ்வளவு அதிகாரம் இருந்ததோ, அவ்வளவுதான் அவர் பங்கு. 'எல்லாருக்கும் பொறுப்பு உண்டு' என்று சமமாகப் பிரித்துப் போடுவது நடுநிலை மாதிரித் தெரியும். மந்திரிக்கும் கூலிக்காரிக்கும் ஒரே மூட்டையைத் தூக்கி வைக்கிற வேலை அது.

இந்த அளவுகோலை வைத்தால் அரசுதான் முதலில் நிற்கும். 1964 முதல் 1966 வரை இருந்த கோத்தாரி குழு, பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் அக்கம்பக்கத்துப் பள்ளியில் ஒன்றாகப் படிக்கும் பொதுப்பள்ளி முறையைச் சொன்னது. கல்விக்கு தேசிய வருமானத்தில் ஆறு சதவீதம் ஒதுக்கச் சொன்னது. ரெண்டும் நடக்கவில்லை. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுக்கு ஒதுக்கி, அந்தக் கட்டணத்தை அரசே திருப்பித் தரும் என்றது. போன பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கமே காசு கட்டி, "எங்க பள்ளிக்கூடத்த விட்டு அங்க போங்க" என்று சொன்னால் மிச்சம் இருக்கிற பிள்ளைக்கு என்ன செய்தி போகிறது? 2015இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரப்பிரதேச அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டுமென்று உத்தரவு போட்டது. அது காகிதத்தோடு நின்றது. ஏன் நின்றது என்று யோசித்தாலே யார் காரணம் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நம் பக்கத்து விவாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. 2023 பட்ஜெட்டில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்ட பல துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. நம்மவர்களில் பலர் எதிர்த்தார்கள். நம் நிலம், நம் கட்டடம், நம் ஆசிரியர் பணியிடம் எல்லாம் கரைந்துபோகும் என்ற கவலை பொய்யில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளத்தை எடுக்கச் சொன்னது. எனக்கு ரெண்டிலும் ஒரே சந்தேகம். பலகையை மாற்றிவிட்டு, காலனிப் பிள்ளை மட்டுமே உட்காரும் அதே பள்ளியை வைத்திருந்தால் என்ன மாறும்? இணைப்பது என்றால் ஊர்ப் பிள்ளை காலனிப் பள்ளிக்கு வந்து உட்காரணும். அது நடக்கும் என்று உத்தரவாதம் தராத இணைப்பு, கணக்குப்புத்தகத்தை மாற்றி எழுதுகிற வேலைதான். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைத்த சத்துணவை எங்க பிள்ளை சாப்பிடாது என்று ஒரு அரசுப் பள்ளியையே நிறுத்தப் பார்த்தவர்கள் இருக்கிற நாடு இது. பலகைக்குப் பயப்படமாட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று மாணவத் தோழர்கள் கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய பங்கு. எங்கம்மாவுக்கு யாரும் போடாத நாற்காலியைச் சட்டம் போட்டிருக்கிறது. அதில் உங்க தெருவிலிருந்து யார் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் போய்ப் பாருங்கள். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்களா, பேச விடுகிறார்களா என்று பாருங்கள். எத்தனை பணியிடம் காலி, எத்தனை பேர் டெபுடேஷனில் வேறிடம் போனார்கள், கக்கூஸ் கழுவ ஆள் போட்டாயா என்று அந்தக் குழுவில் கேட்கச் சொல்லுங்கள். கேட்கிறவர் தனியாக நிற்காதபடி பத்துப் பேர் கூடப் போங்கள்.

யார் காரணம் என்று கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்கிற வரிசையை மாற்றச் சொல்கிறேன். அதிகாரம் இருக்கிறவனிடம் முதலில் கேள். விட்டுவிட்டுப் போய் வெளியே நின்று நியாயம் பேசுகிறவனிடம் அடுத்துக் கேள். உள்ளே இருந்துகொண்டே நம் பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்காதவனிடம் அதற்கடுத்துக் கேள். அந்த வரிசையின் கடைசியில்கூட, வேறெங்கும் போக வழியில்லாமல் தினமும் காலையில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்காருகிற பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது. மற்றவர் எல்லாரும் கைவிட்ட பிறகும் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பள்ளிக்கூடமாக வைத்திருப்பது அந்தப் பிள்ளைதான்.