22 எழுத்து போதும்

"நமக்கெல்லாம் எங்க சார் கிடைக்கப் போவுது?" செஞ்சியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இப்படிப் பேசினால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது? உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து கிடக்கிறதே, அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் எந்தப் படையும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். 1698இல் கோட்டை விழும்வரை முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் கீழே காத்துக் கிடந்தது.

தம்பி, தங்கச்சி, அந்தச் சின்னப் பாலத்தைப் போலப் பெரியதை மறிக்கும் வேலையை உன் உடம்பிலும் ஒன்று செய்கிறது. மரபணுவின் கட்டளையைத் தூது ஆர்என்ஏ படியெடுத்துப் போகும். அதைப் படித்துத்தான் செல் புரதம் தயாரிக்கும். ஆயிரக்கணக்கான எழுத்து நீளமுள்ள அந்தத் தூதை, சுமார் 22 எழுத்தே கொண்ட மைக்ரோ ஆர்என்ஏ மறிக்கிறது. ஆர்கோநாட் என்ற புரதத்தோடு சேர்ந்து, தனக்குப் பொருந்தும் வரிசையைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. பற்றிவிட்டால் அந்தத் தூதிலிருந்து புரதம் வருவது குறையும், நின்றும் போகும்.

இது முதலில் சிக்கியது 1 மில்லிமீட்டர் நீளப் புழுவில்! விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4 என்ற மரபணுவைத் துரத்தினார்கள். அது பழுதான புழு, வளர்ச்சியின் முதல் கட்டத்தையே திரும்பத் திரும்ப நடத்தும். பிடித்துப் பார்த்தால் அந்த மரபணு புரதமே தரவில்லை. துண்டு ஆர்என்ஏ ஒன்றுதான் கிடைத்தது. வேறு யாராவது குப்பை என்று தள்ளியிருப்பார்கள். இவர்கள் தள்ளவில்லை. லின்-14 என்ற இன்னொரு மரபணுவை ஆராய்ந்த கேரி ரவ்கனின் எழுத்து வரிசையோடு வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. 1993இல் வெளியிட்டபோது, புழுவுக்கு மட்டுமே உரிய விசித்திரம் என்று உலகம் ஒதுங்கிக்கொண்டது. 2000இல் லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ மனிதனிடமும் இருப்பதை ரவ்கன் குழு காட்டிய பிறகே திரும்பிப் பார்த்தது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றில் 13ஆம் குரோமோசோமில் அடிக்கடி இழக்கப்படும் பகுதியில் இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்கள் இருப்பதை 2002இல் வேறொரு குழு கண்டது. காவல் போனால் நோய் தலைதூக்கும் என்பது தெரிந்தது. ஆம்ப்ரோஸுக்கும் ரவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசு. ஒதுக்கப்பட்ட அந்த ஏழு ஆண்டும் அவர்கள் வேலையை விடவில்லை, அதை நினைவில் வை!

'வெள்ளைக்காரன் செய்வான், நமக்கென்ன' என்கிறாயா? மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்த முத்தையா மனோகரனைத் தெரிந்துகொள். இதேபோல் தூதை மறிக்கும் குட்டி ஆர்என்ஏவையே மருந்தாக்க உலகம் துடித்தது. ஆனால் ரத்தத்தில் இறங்கியதும் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். தப்பினாலும் செல்லுக்குள் நுழையாது. 2010இல் ரோஷ் போன்ற பெரிய கம்பெனியே இந்தத் துறையைக் கைவிட்டது. அல்நைலம் நிறுவனத்தில் 2003 முதல் இருந்த மனோகரனும் உடன் உழைத்தவர்களும் விடவில்லை. ஆர்என்ஏவின் வேதி அமைப்பை அங்கங்கே மாற்றி உறுதியாக்கினார்கள். அதன் நுனியில் கால்நாக் என்ற சர்க்கரையைக் கோத்தார்கள். கல்லீரல் செல் அந்தச் சர்க்கரையைக் கண்டதும் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்! அந்த வழியில் வந்த முதல் மருந்து 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கெட்ட கொழுப்பை இறக்கும் இன்கிளிசிரானும் இதே வகைதான். தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆண்டுக்கு 2 ஊசி போதும்.

கல்லீரலுக்கு வழி திறந்தாயிற்று. மூளைக்கும் இதயத்துக்கும் புற்றுக்கட்டிக்கும் இதை இவ்வளவு எளிதாகக் கொண்டு சேர்க்க இன்னும் வழி பிறக்கவில்லை. அந்த வேலை ஆள் தேடுகிறது. நீட்டில் மதிப்பெண் குறைந்ததா? அழுதது போதும், எழுந்திரு! பி.எஸ்சி. வேதியியலுக்கோ உயிர்வேதியியலுக்கோ இன்றைக்கே விண்ணப்பம் போடு.