ஸ்டீவ் என்றொரு கையெழுத்து

ஒரே கை, ஒரே தாள், ஒரே செய்தி. அடியில் இட்ட பெயர் மட்டும் வேறு. ‘ஸ்டெஃபனி ஷெர்லி’ என்று ஒப்பமிட்டுச் சென்ற மடல்கள் கிணற்றில் போட்ட கல்லாயின. ‘ஸ்டீவ் ஷெர்லி’ என்று ஒப்பமிட்டவற்றுக்கோ மறுமொழி வந்தது. நேரில் வருக என்ற அழைப்பும் வந்தது! ஆடவரென்று எண்ணி அழைத்தவர்கள், அறைக்குள் ஒரு பெண்மணி நுழையக் கண்டு திகைத்தனர். அதற்குள் கதவு திறந்துவிட்டதே, என்ன செய்வது!

பொய்யல்லவா இது என்று கேட்பார் உளர். ஸ்டெஃபனி என்பதைச் சுருக்கினால் ஸ்டீவ். அப்படி ஒப்பமிடச் சொன்னவர் அவருடைய கணவர். அந்த மடலில் விலை பொய்யா? வேலை பொய்யா? ஆற்றல் பொய்யா? பொய் ஒன்று இருந்தது உண்மை. ஆனால், அது எழுதியவரிடம் இல்லை. படித்தவர் மனத்தில் முன்னரே குடியிருந்தது. பெயரைப் பார்த்து மூளையை அளக்கும் பொய் அது. அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட வாய் நம் நாட்டில் மட்டுமே இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே!

யார் இவர்? 1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். தந்தை யூதர், நீதிபதி. நாஜிகள் அவருடைய பதவியைப் பறித்தனர். 1939இல், ஐந்து வயதுச் சிறுமியாக, ஒன்பது வயது அக்காளின் கைப்பிடித்து இலண்டன் வந்து இறங்கினார். வளர்ப்புப் பெற்றோர் ஆளாக்கினர். பதினெட்டு வயதில் பிரிட்டனின் அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மாலை வகுப்பில் கணிதப் பட்டம். ஆணுக்கு ஓர் ஊதியம், பெண்ணுக்கு அதனினும் குறைந்த ஊதியம் என்பதே அன்று அங்கே அரசின் நெறி! பின்னர் ஒரு தனியார் நிறுவனம். ஒரு நாள் கூட்டத்தில் விற்பனை பற்றிக் கருத்துரைத்தார். அது உன் வேலையன்று என்று வாயடைத்தனர். வெளியேறினார். 1962இல் தம் வீட்டு உணவு மேசையில், ‘ஃபிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதல், ஆறு பவுன்!

கணினியை வாங்குவோருக்கு நிரலை இலவசமாகக் கொடுத்துவந்த காலம் அது. நிரலை விற்பதா என்று நகைத்தனர். பெண்கள் எழுதி விற்பதா என்று மேலும் நகைத்தனர். அவர் கண்டதோ வேறு. நிரல் எழுதக் கற்ற பெண்கள், மணமானதும், மகவு பிறந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மூளையை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டா சென்றார்கள்? அந்நாளில் நிரல் என்பது பென்சிலால் தாளில் எழுதுவது. அஞ்சலில் அனுப்பினால், கணினி உள்ள இடத்தில் அட்டையில் துளையிட்டு ஏற்றிக்கொள்வர். அப்படியிருக்க, எழுதுபவர் காலை முதல் மாலை வரை அலுவலக நாற்காலியில் அமர்ந்தே தீர வேண்டும் என்று விதித்தது யார்? வேலை விதித்ததா? வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறொருத்தி இருந்த ஆடவனின் வசதி விதித்ததா? அந்த விதியை அவர் தூக்கி எறிந்தார். தொலைபேசி இருந்தால் போதும், வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார். அவர் வீட்டிலும் குழந்தை உண்டு. பேசும்போது அழுகுரல் கேட்டுவிடாதிருக்க, தட்டச்சு ஒலியைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டாராம்! ஒலியினும் விரைந்து பறந்த கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல், இப்படி வீட்டில் அமர்ந்து எழுதிய பெண்களின் ஆக்கமே.

முதல் முந்நூறு பேரில் ஆடவர் மூவர். இது ஓரவஞ்சனை அல்லவா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 1975இல் பிரிட்டனில் பால் வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. பெண்களுக்காக வந்த அதே சட்டம், பெண்களுக்கே முதலிடம் என்ற அவருடைய நடைமுறையைக் குற்றமாக்கிற்று! ஆடவரையும் சேர்த்தார். சட்டம் தவறென்று நான் சொல்லேன். ஆயினும், எல்லாக் கதவும் திறந்திருக்கும் ஆடவனுக்கு இந்த ஒரு கதவு மூடியிருந்ததும், எல்லாக் கதவும் மூடியிருந்தவளுக்கு இந்த ஒன்று திறந்ததும் ஒரே எடை என்று தராசு பிடிப்பவன், தட்டில் ஏற்கெனவே கிடக்கும் கல்லைக் காணாதவன்.

இன்னொரு குறை எனக்கே உண்டு. வேலை வீட்டுக்கு வந்தது. வீட்டு வேலை யாரிடமும் போகவில்லையே! பகலெல்லாம் பிள்ளை, இரவெல்லாம் நிரல் என்றானவளுக்கு அது பாதி விடுதலைதான். மீதிப் பாதி, அவளுடைய கணவனின் கையில் இருந்தது.

திறந்த கதவுக்கு வாடகை கேட்கும் வள்ளல்களை நாம் அறிவோம். இவர் பங்குகளையே பணியாளருக்கு மாற்றினார்; அவர்களில் 70 பேர் பத்து இலட்சம் பவுனுக்கு மேல் உடையவராயினர். தமக்கு வந்த செல்வத்திலும் பெரும்பகுதியை, ஆட்டிசம் உடையோருக்காகவும் பிற அறப்பணிகளுக்காகவும் ஈந்தார். அவருடைய ஒரே மகனுக்கு இருந்த நிலை அது. தேவை தீர்ந்த பின்னும் அந்தச் சுருக்கப் பெயரை மட்டும் அவர் விடவில்லை. 2025 ஆகஸ்டில், 91ஆம் வயதில் மறையும் வரை, நண்பர்களுக்கு அவர் ஸ்டீவாகவே இருந்தார்.