காலடியில் கிடக்கும் சினம்

பிரான்சு நாட்டின் மேற்கே ஓனே என்னும் சிற்றூரில் 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த புனித பேதுரு தேவாலயம் உள்ளது. அதன் மேற்கு வாயில் வளைவில், கேடயம் தாங்கிய வீரமங்கையராகச் செதுக்கப்பெற்ற நற்குணங்கள் தீக்குணங்களைக் காலால் மிதித்து நிற்கின்றன. பொறுமையின் காலடியில் சினம். பணிவின் காலடியில் செருக்கு. ஈகையின் காலடியில் உலோபம். எழுத்தறியாதாரும் கண்டு அறம் உணரும் வண்ணம் அமைந்தவை இவை.

நம் ஆகமம் கூறும் நான்கு கஷாயங்களுள் குரோதம், மானம், உலோபம் என்னும் மூன்றும் அங்கே காணப்படுவது வியப்பன்று. மனித மனம் எங்கும் ஒன்றே. ஆயினும் ஒரு வினா எழுகிறது. மிதிபட்ட சினம் அழிந்த சினமாகுமா? மிதித்தவள் காலை எடுத்தால் அது எழாதோ?

அடக்குதலை உபசமம் என்றும், அறவே நீக்குதலை க்ஷயம் என்றும் நம் ஆசாரியர் பிரித்துரைத்தனர். கஷாயங்களை அடக்கி 11ஆம் குணஸ்தானம் ஏறியவரும், அவை மீண்டும் எழக் கீழே வீழ்வர். வேரறுத்தவரே 12ஆம் நிலை எய்தி, வீழ்ச்சியின்றிக் கேவல ஞானம் அடைவர்.

இல்லறத்தார்க்கு அடக்கமே முதற்படி. எனினும், நாவில் வந்த கடுஞ்சொல்லை விழுங்கியதும் வென்றுவிட்டோம் என்று இருத்தலாகாது. அச்சினம் எப்பற்றினின்று பிறந்தது என ஆராய்ந்து, அப்பற்றை விடுதலே வேரறுக்கும் வழியாகும்.