எழுதுவோன் கடன் யாது?

கலை வேறு, வயிற்றுப்பாடு வேறு. கவிஞன் நிலவைப் பாடட்டும், ஆற்றில் கலக்கும் நஞ்சைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும் என்பர் நம்மவரில் படித்தவர் பலர். கேட்பதற்கு நியாயம்போலவே தோன்றும். ஆயினும் நைஜீரியா தேசத்து எழுத்தாளர் கென் சரோ-விவாவின் வரலாற்றை அறிந்தோர் இதனை எளிதில் ஒப்பார்.

அவர் ஓகோனி என்னும் சிறுபான்மை இனத்தவர். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் உழுதும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்கள் அவர்கள். 1950களின் பிற்பகுதியில் ஷெல் கம்பெனியார் அங்கே எண்ணெய் கண்டனர். குழாய் உடைந்த எண்ணெய் வயலிலும் ஓடையிலும் பரவிற்று. உடன் வரும் வாயுவை ஊர் அருகே இரவும் பகலும் கொளுத்தினர். பணம் வெளியே போயிற்று. கரி ஊரில் தங்கிற்று. தோட்டக் கணக்கு எழுதும் எனக்கு இஃது புதுமையன்று. செக்ரோலில் ஆளின் பேருக்குக் கட்டமுண்டு, கூலிக்குக் கட்டமுண்டு. ஓடைக்குக் கட்டம் ஏது?

சரோ-விவா வறுமையால் வாடியவர் அல்லர். வியாபாரத்தில் பொருள் ஈட்டியவர். 1980களில் அவர் படைத்த தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைத் தேசமே கண்டு சிரித்தது. உழையாமலே கோடீசுவரராகக் கனாக் காணும் லாகோஸ் நகரத்து ஆசாமிகளே அதன் பாத்திரங்கள். எண்ணெய்ப் பணம் ஊட்டிய மயக்கமன்றோ அக்கனா! நகரத்தின் பேராசையை நகையாடிய பேனா, அப்பேராசைக்கு விலை கொடுத்த தன் கிராமத்தைக் குறித்து வாளா இருந்திருப்பின், அந்நகைப்பு வெறும் பொழுதுபோக்காய் முடிந்திருக்கும். அவர் வாளா இருந்திலர். 1990இல் ஓகோனி மக்கள் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1993 ஜனவரியில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஆயுதமின்றி ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டே கம்பெனியார் அங்கு எண்ணெய் எடுப்பதை நிறுத்தினர். மறு ஆண்டு ஓகோனித் தலைவர் நால்வர் கொலையுண்டபோது பழி அவர்மேல் விழுந்தது. அவர் அதை மறுத்தார். இராணுவ ஆட்சியின் தனி நீதிமன்றம் தண்டனை விதிக்க, 1995 நவம்பர் 10ஆம் நாள் அவரும் தோழர் எண்மரும் தூக்கிலிடப்பட்டனர்.

உயிரை விட்டு என்ன கண்டார் என்று கேட்போர் உளர். கண்டது சொற்பமே. அம்மண்ணும் நீரும் தூய்மையாக 25 முதல் 30 ஆண்டுகள் செல்லலாம் என்று 2011இல் ஐக்கிய நாடுகள் ஆய்வு கூறிற்று. 2025இல் அந்நாட்டு அதிபர் ஒன்பதின்மருக்கும் மன்னிப்பு அளித்தார். குற்றத்தை மறுத்தே மாண்டவருக்கு மன்னிப்பாம்!

யான் அவரை மதிப்பது தூக்குமேடைக்காக அன்று. புகழும் பொருளும் கையில் இருக்க, தன் ஊர்க் கிணற்றைத் தன் எழுத்துக்குப் புறம்பென எண்ணாமைக்காகவே மதிக்கிறேன். நம் தோட்டத்துத் திருவிழா மேடைகளில் இராஜா வேடம் கட்டுகிறோம், கட்டட்டும். பாராகுவாட் என்னும் களைமருந்து மலேசியாவில் 2020இல்தான் தடை செய்யப்பட்டது. அதுகாறும் மருந்துப் பம்பை முதுகில் சுமந்து நிரை நிரையாய் நடந்த பெண்டிர் இன்றும் நம் லயங்களில் இருக்கின்றனர். அவர்தம் கதையை மேடையேற்ற நம்மில் யார் முன்வருவார்?