நடுவழியில் பிறந்தவர்களின் கடன்

விண்கப்பலுக்குள் நடக்கும் இளையோர் திகில் நாவல்களில் கொலை, சதி, துரத்தல் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. பயணத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு தலைமுறை. அதை வாழ்ந்து தீர்ப்பவர்கள் வேறொரு தலைமுறை. பெற்றோர் எடுத்த சங்கல்பத்துக்குப் பிள்ளைகள் கட்டுப்பட்டவர்களா?

கேள்வியை எழுப்புவது வானத்தின் தொலைவுதான். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் செல்லும் வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் அங்கே சேர எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கற்பனைக் கப்பல்கள் இதைவிடப் பல மடங்கு விரைந்தாலும் பயணம் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவதில்லை. ஆகவே புறப்பட்டவர்கள் வழியில் இறக்கிறார்கள். பேரன் பேத்திகளோ அவர்களுக்கும் பின்வந்தவர்களோ கரை இறங்குகிறார்கள். இடையில் பிறந்தவர்கள் பூமியையும் பார்த்ததில்லை, போய்ச் சேரும் ஊரையும் பார்க்கப்போவதில்லை.

இவ்வகைக் கதைகளில் ராபர்ட் ஹைன்லைன் 1941இல் எழுதிய 'யூனிவர்ஸ்' முன்னோடி. அதில் பயணிகள் தாங்கள் இருப்பது கப்பல் என்பதையே மறந்துவிட்டார்கள். இயற்பியல் நூல் அவர்களுக்கு வேதமாகிவிட்டது. 2011இல் பெத் ரெவிஸ் எழுதிய 'அக்ராஸ் தி யூனிவர்ஸ்' அந்த மறதியைத் திட்டமிட்ட ஏமாற்றாக மாற்றுகிறது. குடிநீரில் மருந்து கலந்து மக்களை அடக்கி வைத்திருக்கிறான் கப்பலின் தலைவன். அவனுக்குப் பின் தலைமை ஏற்க வேண்டிய பதினாறு வயதுப் பையன், தனக்குச் சொல்லப்பட்ட வரலாறு பொய் என்று படிப்படியாகக் கண்டுபிடிக்கிறான். நாவலின் திகிலுக்கு ஊற்று கொலையைவிட இந்தப் பொய்யே.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, மலைக்கோட்டையை அடுத்த செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த தமிழ் எழுத்தாளர் சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் விண்கப்பலைத் தொடவில்லை. ஆனால் பிள்ளை பெறக்கூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய ஒரு சமூகத்தையும், மக்கள் வணங்கும் தலைவன் வெறும் ஒளிப்பிம்பம் என்ற உண்மையையும் அதில் வைத்தார். மூடிய உலகில் நம்பிக்கை எப்படிக் கருவியாக்கப்படுகிறது என்பதே அவருடைய கவலையும்.

சுஜாதாவின் ஊருக்கே இப்படி ஒரு நெடும்பயணத்தின் வரலாறு உண்டு. 1323இல் உலூக் கானின் தலைமையில் டில்லிப் படை தெற்கே வந்தபோது, ஸ்ரீரங்கம் கோயிலின் மூலவர் சந்நிதி கல்சுவரால் மறைக்கப்பட்டது. உற்சவ மூர்த்தியான அழகிய மணவாளனை ஒரு சிறு குழு ஊரைவிட்டு எடுத்துச் சென்றது. குழுவை நடத்தியவர் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர். அப்போதே நூறு வயதைக் கடந்தவர் என்கிறது மரபு. மதுரைக்கு அருகே, இன்று கொடிக்குளம் என்று வழங்கும் ஜோதிஷ்குடியில் அவர் காலமானார். மூர்த்தி அழகர் மலை, மேல்கோட்டை, திருமலை என்று பல இடங்களில் மறைந்தும் வெளிப்பட்டும் இருந்து, விஜயநகரத் தளபதி கோபண்ணரின் உதவியால் 1371இல் திரும்பியது. இடையில் 48 ஆண்டுகள். திருவரங்கத்திலிருந்து புறப்பட்டவர்களில் திரும்பி வந்தவர் அரிது. 'திருவரங்கன் உலா' என்ற நாவலில் ஸ்ரீ வேணுகோபாலன் இந்த வரலாற்றைத்தான் விறுவிறுப்பான தொடராக்கினார். புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் குற்றக்கதைகள் எழுதியவரும் அவரே.

கப்பல் கதையின் கேள்வியை இந்தப் பயணத்திடம் கேட்கலாம். நடுவழியில் சேர்ந்து நடுவழியிலேயே செத்தவர்களின் வாழ்வு எதற்காக? மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்பது ஜெர்மானியத் தத்துவவாதி காண்டின் அறக்கோட்பாடு. தலைமுறைக் கப்பல் அந்த இடத்தில்தான் இடறுகிறது. நடுத்தலைமுறைக்காரன் அடுத்தவனைப் பெற்று வளர்த்து இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுச் சாகிறான். பலன் வேறு யாருக்கோ. இலக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்தக் குறை தீர்வதில்லை.

பிள்ளை லோகாசாரியரின் 'ஸ்ரீவசன பூஷணம்' விளக்கும் சரணாகதிக் கொள்கையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அடையும் வழியும் அடையப்படும் பேறும் இறைவனே. உபாயமும் உபேயமும் அவன் ஒருவன். அடியவன் செய்யும் கைங்கரியம் பின்னால் வரும் பலனுக்குக் கொடுக்கும் விலையாக எண்ணப்படுவதில்லை; அதுவே பேறு. இக்கொள்கையைப் பயணத்தின் மீது வைத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. காட்டில் ஒரு நாள் கிடைத்த இலையையும் பூவையும் வைத்துச் செய்த ஆராதனை, ஸ்ரீரங்கத்துக்குத் திரும்புவதற்கான தயாரிப்பு மட்டுமல்ல. அன்றைக்கு அது முழுமையானது. யாரை நோக்கி வாழ்ந்தார்களோ அவர் அவர்களுடனேயே பயணம் செய்தார். ஜோதிஷ்குடியில் கண்மூடிய ஆசாரியரைப் பாதி வழியில் தோற்றவர் என்று அவர் மரபு ஒருபோதும் எண்ணவில்லை. கப்பல் நாவல்களில் பெரும்பாலானவற்றில் இலக்கு கப்பலுக்கு வெளியே, நூறாண்டு தள்ளி இருக்கிறது. உள்ளே இருப்பது காத்திருப்பு மட்டும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் தலைவர்களுக்குப் பொய் தேவைப்படுகிறது.

அடுத்த தலைமுறையைச் சேர்ப்பதிலும் வேறுபாடு தெரிகிறது. லோகாசாரியர் தமக்குப் பின் மரபை ஏற்க வேண்டியவர் என்று கருதிய திருமலையாழ்வார், மதுரையில் அரசு அலுவலில் இருந்தார். சமய வாழ்வை விட்டு வெகுதூரம் போயிருந்தார். கூரகுலோத்தம தாசர் என்ற சீடர் அவரைத் தேடிப்போய்ப் பாசுரங்களைச் சொல்லிச் சொல்லி ஈர்த்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. இசையாமல் இருக்க அவருக்கு முழு இடம் இருந்தது. கேட்டு, யோசித்து, பதவியை விட்டு வந்தார். பின்னாளில் திருவாய்மொழிப் பிள்ளை என்று பெயர் பெற்றார். அவருடைய சீடர் மணவாள மாமுனிகள் பிறந்தது 1370இல், மூர்த்தி திரும்புவதற்கு முந்தைய ஆண்டு. ஸ்ரீவசன பூஷணத்துக்கு உரை எழுதியவர் அவர். வெளியேற்றத்தைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் அதன் நடுவில் இறந்தவரின் நூலை விளக்கியது, சங்கல்பம் எப்படிக் கைமாறலாம் என்பதற்கு நல்ல சான்று.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஜோதிஷ்குடியிலிருந்து விலகிப்போக நினைத்தவனுக்கு ஊரும் வழியும் இருந்தன. விண்கப்பலுக்குக் கதவைத் திறந்தால் வெறுமை. திருமலையாழ்வாருக்கு இருந்த மறுக்கும் உரிமை கப்பலில் பிறந்த குழந்தைக்கு இல்லை. எனவே உண்மையைச் சொல்வதோடு கப்பலின் தலைவர்களின் கடமை முடிந்துவிடாது. திசையை மாற்றவும், திரும்பலாமா என்று விவாதிக்கவும், வேலையை மறுக்கவும் உள்ளே பிறந்தவர்களுக்கு இடம் கொடுத்தால் மட்டுமே பெற்றோரின் முடிவு பிள்ளைகளுடையதாகவும் ஆக முடியும். அதற்கு வழியில்லாத கப்பலைப் புறப்பட வைப்பது தவறு.

போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஏ.இ. வான் வோக்ட் 1944இல் எழுதிய 'ஃபார் சென்டாரஸ்' கதையில், உறைதூக்கத்தில் 500 ஆண்டு பயணம் செய்தவர்கள் இலக்கில் இறங்குகிறார்கள். பின்னால் கண்டுபிடித்த வேகமான கப்பல்களில் வந்த மனிதர்கள் அங்கே ஏற்கெனவே குடியேறி வாழ்கிறார்கள். ஸ்ரீரங்கத்துக்கும் அதே நிலை வந்தது. மூர்த்தி இல்லாத ஆண்டுகளில் வேறொரு உற்சவ மூர்த்தி அங்கே எழுந்தருளியிருந்தார். பழைய மூர்த்தியை நேரில் கண்டு நினைவில் வைத்திருந்தவர்கள் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. திரும்பி வந்தது அதே மூர்த்திதானா என்பதற்கு ஆவணம் கிடையாது. கண்பார்வை இழந்த ஒரு முதிய வண்ணார், ஒருகாலத்தில் சுவாமியின் ஆடைகளை வெளுத்தவர், இரு மூர்த்திகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும் (நீராட்டின்போது நனைந்த ஆடையைப் பிழிந்த நீர்) பெற்றுப் பார்த்துப் பழையவரை அடையாளம் காட்டினார் என்கிறது கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு. நம்பெருமாள் என்ற திருநாமம் அவர் வாயிலிருந்து வந்ததாகவே மரபு சொல்கிறது. சாட்சியாக ஏற்கப்பட்டது கற்றவரின் வாதமோ அதிகாரியின் ஆணையோ அல்ல, ஒரு தொழிலாளியின் உடல் காத்த நினைவு. இடைக்காலத்தில் வணங்கப்பட்ட மூர்த்தியையும் கோயில் விலக்கிவிடவில்லை. அவர் திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அங்கேயே இருக்கிறார்; யாகசாலைக்கு எழுந்தருள்பவர் அவரே.